வீட்டு வெல்டிங்குக்கு கேஸ் சிலிண்டர்: வாங்குவது முதல் நிரப்புவது வரை முழுமையான வழிகாட்டி

மிக் (கம்பி தானாக ஓடிவந்து உருகும் வகை) அல்லது டிக் (உருகாத டங்ஸ்டன் முனையால் வெல்டு செய்யும் வகை) வெல்டிங் மெஷின் வாங்கிய கையோடு, உருகும் உலோகத்தைக் காற்றுபடாமல் காக்கும் கேஸுக்காகப் பலரும் செய்கிற வேலை, எங்காவது மலிவாகக் கிடைக்கும் பழைய சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரியவரும். நிரப்பும் இடத்தில் "இது வேறு கம்பெனி சிலிண்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால் டெஸ்ட் தேதி முடிந்திருக்கும். அதுவும் சரியாக இருந்தால் ரெகுலேட்டரின் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) மரை சேராது.

சிலிண்டர் வாங்குவது மூன்றாவது வேலை. எந்த கேஸ் என்பது முதலாவது, அதை யார் நிரப்பித் தருவார்கள் என்பது இரண்டாவது. இந்த வரிசை மாறாமல் இருந்தால் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி வராது.

ஸ்டிக் வெல்டிங் செய்பவர்களுக்கும், கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கோர் கம்பியைப் பயன்படுத்துபவர்களுக்கும் இது எதுவும் தேவையில்லை. ஆக்சிஜன், அசிட்டிலீன் விஷயமும் இதில் வராது. அவற்றின் விதிகள் வேறு, ஆபத்தும் வேறு.

1. எந்த கேஸ் என்று முடிவு செய்யுங்கள்

டிக் வெல்டிங் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. சுத்தமான ஆர்கான்தான். இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் மூன்றுக்கும் அதுவே போதும். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கலந்திருந்தால்கூட டங்ஸ்டன் முனை சில நொடிகளில் எரிந்து கருகிவிடும்.

மிக் வெல்டிங்கில் சாதாரண இரும்புக்கு இரண்டு வழி. ஒன்று, வெறும் கார்பன் டை ஆக்சைடு. மலிவு, உருகல் ஆழமாக இறங்கும். ஆனால் பொறி அதிகமாகத் தெறிக்கும், மெல்லிய தகட்டில் ஓட்டை விழ வாய்ப்பு அதிகம். இன்னொன்று ஆர்கான் கலவை: 75 முதல் 82 சதவீதம் ஆர்கான், மீதி கார்பன் டை ஆக்சைடு. ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்சுடர்) அமைதியாக இருக்கும், தெறிப்பு குறையும், தேய்த்துச் சுத்தம் செய்யும் வேலையும் குறையும். 1 மில்லிமீட்டர் தகடு, சதுரக் குழாய் மாதிரி வேலைகள்தான் பெரும்பாலும் என்றால் கலவைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. கனமான இரும்பு மட்டும்தான், தெறிப்பைப் பற்றிக் கவலையில்லை என்றால் வெறும் கார்பன் டை ஆக்சைடே தாராளம்.

மிக்கில் அலுமினியம் ஓட்டச் சுத்தமான ஆர்கான் வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஆர்கானுடன் 2 சதவீதம் அளவில் கார்பன் டை ஆக்சைடோ ஆக்சிஜனோ சேர்ந்த கலவை.

மிக், டிக் இரண்டும் வைத்திருப்பவர்கள் "ஒரே ஆர்கானில் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாமா" என்று கேட்பார்கள். அலுமினியத்துக்கு ஓடும். இரும்புக்கு மிக்கில் வெறும் ஆர்கான் கொடுத்தால் ஆர்க் அலைபாயும், வெல்டு மேலே திரண்டு உட்காருமே தவிர உள்ளே இறங்காது. பார்க்க வெல்டு போலவே இருக்கும், தட்டினால் பிரிந்து வந்துவிடும்.

2. நிரப்பித் தருபவரை முதலில் பிடியுங்கள்

உங்களால் போய்வர முடிகிற தூரத்தில் உள்ள தொழிற்கூட கேஸ் விற்பனையாளர்களைப் பட்டியலிட்டு, நேரில் போங்கள் அல்லது போனில் கேளுங்கள். முதல் கேள்வி: தனிநபருக்குத் தருவீர்களா? சில இடங்களில் கம்பெனிப் பெயரில் கணக்கு இருந்தால்தான் தருவார்கள். இது தெரியாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை.

அடுத்தது, என் சொந்தச் சிலிண்டரை நிரப்பித் தருவீர்களா, அல்லது காலியை வாங்கிக்கொண்டு நிறைந்த வேறொன்றைத் தருவீர்களா? மாற்றித் தருவது என்றால் எந்த அளவு, எந்த வகைச் சிலிண்டரை ஏற்பார்கள்? டெஸ்ட் தேதி முடிந்த சிலிண்டர் வந்தால் செலவு யாருடையது? நான் கேட்கிற கலவை எப்போதும் கையிருப்பில் இருக்குமா, சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டுமா?

கடைசியாக, அவர்களுடைய சிலிண்டர்களின் வால்வில் என்ன மரை இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் வாங்கும்போது இந்த ஒரு படம் உதவுவதுபோல் வேறு எதுவும் உதவாது.

பக்கத்தில் இருப்பவர் ஒரே ஒருவர் என்றால் அவர் சொல்கிற முறைதான் உங்கள் முறை. இணையத்தில் யாரோ வேறு ஊரில் செய்ததைப் பார்த்து வாங்கி வைத்துவிட்டு, அவருடன் மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை.

3. சொந்தமா, வாடகையா, மாற்றிக்கொள்வதா

வாடகைச் சிலிண்டரில் டெஸ்ட், வால்வு ரிப்பேர் எல்லாம் கம்பெனியின் தலைவலி. ஆனால் மாதமோ வருடமோ வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் வெல்டிங் செய்தாலும் செய்யாவிட்டாலும். எப்போதாவது ஒரு வேலை என்பவர்களுக்கு, ஒரு கட்டத்தில் கேஸுக்குக் கொடுத்ததைவிட வாடகைக்குக் கொடுத்தது அதிகமாகிவிடும். முன்பணம் கட்டி எடுப்பதென்றால் திருப்பிக் கொடுக்கும்போது முழுப் பணமும் வருமா, பிடித்தம் உண்டா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சொந்தச் சிலிண்டரை மாற்றிக்கொள்ளும் முறை வீட்டு வேலைக்கு வசதியானது. காலியைக் கொடுத்து நிறைந்ததை உடனே எடுத்து வரலாம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பளபளக்கும் புதுச் சிலிண்டரைக் கொடுத்தால் கைக்கு வருவது பெயின்ட் உரிந்த பழசாக இருக்கலாம். அதனால் மாற்றும் முறையில் சேரப்போகிறவர்கள் புதுச் சிலிண்டருக்குச் செலவழிக்க வேண்டாம். அதே சிலிண்டர்தான் வேண்டும் என்றால், விட்டுவிட்டு வந்து சில நாள் கழித்து எடுக்கும்படி இருக்கும்.

எந்த முறையானாலும், சிலிண்டர் உங்கள் கையில் எப்படி வந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கட்டும். ரசீது இல்லாத சிலிண்டரை நிரப்ப மறுப்பவர்கள் உண்டு.

ஒருமுறை மட்டுமே பயன்படும் சிறு கேஸ் குப்பிகளும் கடைகளில் கிடைக்கும். 1 லிட்டர் குப்பியில் 60 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் என்றால் மொத்தம் 60 லிட்டர் கேஸ். நிமிடத்துக்கு 8 லிட்டர் போனால் எட்டு நிமிடம்கூட வராது. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான் அது லாயக்கு.

4. அளவைக் கணக்குப் போட்டு எடுங்கள்

ஆர்கானும் அதன் கலவைகளும் சிலிண்டருக்குள் வாயுவாகவே இருக்கும். தண்ணீர்க் கொள்ளளவை (சிலிண்டரில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்ற அளவு) அழுத்தத்தால் பெருக்கினால் எவ்வளவு கேஸ் என்று ஏறத்தாழக் கிடைத்துவிடும். 10 லிட்டர் சிலிண்டரை 150 பாருக்கு நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓட்டத்தில் 125 நிமிடம்.

அந்த 125 நிமிடம் ஆர்க் எரியும் நேரம் மட்டுமே. வெட்டுவது, தேய்ப்பது, கிளாம்ப் போடுவது இதிலெல்லாம் கேஸ் போகாது. ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் நின்றாலும் ஆர்க் எரிந்தது அரைமணி நேரத்தைத் தாண்டாத நாட்களே வீட்டு வேலையில் அதிகம்.

கார்பன் டை ஆக்சைடு வேறு ரகம். உள்ளே திரவமாக இருக்கும், எடைக்கணக்கில் விற்பார்கள். 1 கிலோ திரவம் சுமார் 540 லிட்டர் வாயுவாகும். 10 லிட்டர் சிலிண்டரில் 7 கிலோ அளவுக்கு நிரப்பலாம் என்பதால், அதே உருவத்தில் ஆர்கானைவிட இரண்டு மடங்குக்கு மேல் கேஸ் கிடைக்கும்.

பெரிய சிலிண்டர் எடுத்தால் லிட்டருக்கு விலை குறையும். அதை யார் தூக்குவது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 47 லிட்டர் இரும்புச் சிலிண்டர் காலியாகவே 50 கிலோவைத் தாண்டும், உயரம் ஆள் அளவு. தனியாளாகப் படியேற்ற முடியாது, சின்ன வண்டியில் நிறுத்தியும் கொண்டுவர முடியாது. 10 முதல் 20 லிட்டர் வரையிலானவை வீட்டுக்குச் சரியான அளவு என்பது என் கருத்து.

5. பழைய சிலிண்டரா? தோளில் இருப்பதைப் படியுங்கள்

வால்வுக்குக் கீழே உடல் வளைகிற இடத்தைத் தோள் என்பார்கள். அங்கே எழுத்தும் எண்ணுமாகக் குத்தியிருக்கும். சிலிண்டரின் ஜாதகம் மொத்தமும் அதில்தான். பெயின்ட் அப்பி மறைந்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கப் போட்டு உரசுங்கள். குழிவான எழுத்துகள் மட்டும் நிறம் ஒட்டாமல் தெளிவாகத் தெரியும். கிரைண்டரையோ சாண்ட் பேப்பரையோ அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எண் அழிந்த சிலிண்டரை எவரும் நிரப்ப மாட்டார்கள்.

தேட வேண்டியவை: வரிசை எண், தண்ணீர்க் கொள்ளளவு லிட்டரில், காலி எடை கிலோவில், வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், தயாரித்த தேதி, கடைசியாக டெஸ்ட் செய்த மாதமும் வருடமும். 200 பார் வேலை அழுத்தமுள்ள சிலிண்டரில் சோதனை அழுத்தமாக 300 பார் என்று குத்தியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "இது 300 பார் சிலிண்டர்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், நம்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

டெஸ்ட் தேதிதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் இந்த டெஸ்ட், சிலிண்டர் வகையையும் நாட்டு விதியையும் பொறுத்து 5 அல்லது 10 வருடத்துக்கு ஒருமுறை வரும். கெடு முடிந்திருந்தால் டெஸ்ட் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். டெஸ்டில் தோற்றால் அது வெறும் பழைய இரும்பு என்பதையும் மனதில் வையுங்கள்.

பிறகு கழுத்து வளையத்தைப் பாருங்கள். அதில் ஒரு கம்பெனியின் பெயர் பொறித்திருந்தால் சிலிண்டர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொத்து. விற்பவர் என்ன கதை சொன்னாலும் அதை இன்னொருவர் நிரப்ப மாட்டார், அந்தக் கம்பெனியே பார்த்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயர் செதுக்கி எடுத்த தடம் இருந்தால் இன்னும் மோசம், கிளம்பிவிடுங்கள்.

உடலைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். ஆழமான துரு, வெட்டு, நெளிவு, பெயின்ட் கொப்புளித்த இடம், அடிப்பாகத்தில் ஈரம் தங்கி அரித்த வளையம், இவை எல்லாம் தள்ளுபடிக்குக் காரணம். முக்கியமாக ஆர்க் பட்ட தழும்பு: பட்டாணி அளவில் உருகிக் குழிந்த ஒரு புள்ளி. அந்த இடத்தில் இரும்பின் தன்மையே மாறியிருக்கும், டெஸ்ட் நிலையத்தில் அதைப் பார்த்ததும் ஒதுக்குவார்கள். வாங்கிய பிறகும் இது பொருந்தும். டிக் டார்ச்சை (கையில் பிடித்து வெல்டு செய்யும் பகுதி) சிலிண்டர்மேல் தொங்கவிடுவது, எர்த் கிளாம்பை அதில் கவ்வுவது இரண்டும் புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற பழக்கம்.

நிறத்தை நம்பி கேஸைத் தீர்மானிக்காதீர்கள். நிறக்குறியீடு நாட்டுக்கு நாடு மாறுகிறது, நடுவில் யாராவது பெயின்டும் அடித்திருப்பார்கள். ஒட்டியிருக்கும் லேபிள்தான் பேச வேண்டும். லேபிள் இல்லையென்றால் உள்ளே இருப்பது எது என்று தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பான், ஆக்சிஜன் சிலிண்டர், சமையல் கேஸ் சிலிண்டர் எதையும் மாற்றிப் பயன்படுத்தும் யோசனை வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கும்போது உள்குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்குழாய் உள்ளது அடியிலிருந்து திரவத்தையே மேலே அனுப்பும். வெல்டிங் ரெகுலேட்டருக்குள் திரவம் புகுந்தால் அது உறைந்து, கெட்டுப்போகும். உள்குழாய் இல்லாததுதான் நமக்கு.

6. ரெகுலேட்டரை வால்வுக்குப் பார்த்து வாங்குங்கள்

இரண்டாவது படியில் எடுத்த படம் இப்போது வேலைக்கு வரும். தவறான கேஸில் தவறான ரெகுலேட்டர் ஏறக்கூடாது என்பதற்காகவே மரைகள் வேறுபடுத்தப்பட்டிருக்கின்றன. பல இடங்களில் ஆர்கானுக்கு ஒரு மரை, கார்பன் டை ஆக்சைடுக்கு வேறொன்று. அடாப்டர் போட்டுச் சமாளிப்பதென்றால் இந்த இரண்டு கேஸுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்றது என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் வாங்குங்கள். சிலிண்டர் 200 பார் என்றால் ரெகுலேட்டரும் அதைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

காட்டும் முறையில் இரண்டு வகை. ஒன்றில் இரண்டு வட்ட மீட்டர்கள். மற்றதில் ஒரு மீட்டரும், உள்ளே குண்டு மிதக்கும் கண்ணாடிக் குழாயும். குண்டுக் குழாய் ஓட்டத்தை நேரடியாகக் காட்டும், வட்ட மீட்டர் அழுத்தத்தை வைத்து ஓட்டத்தை ஊகித்துக் காட்டும். நாசில் (டார்ச்சில் கேஸ் வெளிவரும் வாய்) அடைத்துக்கொண்டால் குண்டு கீழே இறங்கும், முள் நகராது. அதனால் டிக் செய்பவர்கள் குண்டு வகையை வாங்குவது நல்லது. அது நேர்செங்குத்தாக நின்றால்தான் சரியாகக் காட்டும்.

கார்பன் டை ஆக்சைடு திரவத்திலிருந்து வாயுவாகி விரியும்போது ரெகுலேட்டர் கடுமையாகக் குளிரும். நீண்ட வெல்டில் பனி படிந்து ஓட்டம் தடுமாறும். அப்படி வேலை செய்பவர்களுக்கு ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் உண்டு. சின்னச் சின்ன வெல்டுக்கு அவசியமில்லை. பனி படிந்தால் சற்று நிறுத்தி வையுங்கள், நெருப்புக் காட்டாதீர்கள்.

7. வீட்டுக்குக் கொண்டுவருதல்

வால்வை அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைத் திருகிய பிறகே சிலிண்டர் நகர வேண்டும். விழுந்து வால்வு முறிந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் மொத்தமும் ஒரே துளை வழியாக வெளியேறி, சிலிண்டரே எதிரிலுள்ள சுவரை உடைத்துக்கொண்டு பாயும். மூடி இருப்பது அதற்காகத்தான்.

நிமிர்த்தி, இரண்டு இடத்தில் பட்டை போட்டுக் கட்டுங்கள். திறந்த வண்டி உத்தமம். காருக்குள் வைக்க நேர்ந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து உடனே இறக்கிவிடுங்கள். வழியில் நிறுத்தி வெயிலில் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். ஆர்கானுக்கு நிறமோ மணமோ கிடையாது. கசிந்தால் மூச்சுக்காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தை நிரப்பும், மூச்சு முட்டுவதுகூட உறைக்காது.

பட்டறையிலும் சங்கிலி போட்டுச் சுவரோடோ தள்ளுவண்டியோடோ கட்டுங்கள். ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு இரண்டும் காற்றைவிடக் கனமானவை, தரைமட்டத்திலும் பள்ளத்திலும் தேங்கும். நிலவறை, கிணறு போன்ற அறை, படுக்கையறை எதுவும் சிலிண்டர் வைக்கத் தகுந்த இடம் இல்லை.

8. மாட்டும் வரிசை

சிலிண்டரைக் கட்டிய பிறகே மூடியைக் கழற்றுங்கள். வால்வு வாய் யாரையும் பார்க்காத திசையில் இருக்க, பக்கவாட்டில் நின்று ஒரு கணம் மட்டும் திறந்து மூடுங்கள். "புஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாயில் கிடக்கும் தூசியும் உலோகத் துகளும் பறந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அந்தத் துகள் ரெகுலேட்டரின் உள் இருக்கையில் போய் உட்கார்ந்து, மூடினாலும் மூடாத கசிவாக மாறும்.

ரெகுலேட்டர் நட்டைக் கையால் ஏற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். கையால் இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறவில்லையென்றால் மரை வேறு, வலிந்து ஏற்றாதீர்கள். டெஃப்ளான் டேப் சுற்றவே கூடாது. இங்கே அடைப்பது மரை இல்லை, முனையில் உள்ள கூம்போ வாஷரோதான். வாஷர் வகை என்றால் அது இருக்கிறதா, நைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டரில் கசிவு என்று வருகிற புகார்களில் நிறையவற்றுக்கு இந்தச் சின்ன வாஷர் விடுபட்டதே காரணம். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம்.

ரெகுலேட்டர் குமிழை இடப்பக்கம் தளர்வாகும் வரை திருப்பி வையுங்கள். பிறகு சிலிண்டர் வால்வை மிக மெதுவாக, முள் எழும் வரை திறந்து, நின்றதும் முழுக்கத் திறங்கள். சட்டென்று திறந்தால் 150 பார் அழுத்தம் ஒரே அடியாக உள்ளே மோதும், மீட்டர் முள் வளையும், ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு கிழியும். திறக்கும்போது முகம் மீட்டருக்கு நேராக இருக்கக் கூடாது.

9. கசிவைத் தேடுவது

புது இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இது கட்டாயம். வெல்டிங் செய்து தீர்ந்த கேஸைவிட, இரவு முழுக்கக் கசிந்து தீர்ந்த கேஸ் அதிகம் என்று சொல்லுமளவுக்கு வீட்டுப் பட்டறைகளில் இது நடக்கிறது.

முதலில் முள் சோதனை. வால்வைத் திறந்து, ஓட்டத்தை வேலை அளவுக்கு வைத்து, டார்ச் விசையை அழுத்தாமல் சிலிண்டர் வால்வை மூடுங்கள். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, கால்மணி நேரம் வேறு வேலை பாருங்கள். முள் அசையாமல் இருந்தால் சிலிண்டரிலிருந்து மெஷினின் கேஸ் வால்வு வரை எல்லாம் சரி. இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. வால்வு மூடியபின் ரெகுலேட்டருக்குள் இருக்கும் கேஸ் வெகு குறைவு. அதனால் சோப்பு நீரில் ஒரே ஒரு நுரை எழுப்பும் கசிவுகூட முள்ளைக் கீழே இழுத்துவிடும். சிலிண்டர் திறந்திருக்கும்போது அதே கசிவு மீட்டரில் தெரியவே தெரியாது.

பிறகு வால்வைத் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைப் பிரஷால் தடவுங்கள். வால்வுத் தண்டைச் சுற்றி, ரெகுலேட்டர் நட், மீட்டர்கள் திருகிய இடம், ஹோஸின் இரு முனை, மெஷினின் பின்பக்க இணைப்பு என்று இந்த வரிசையில் போங்கள். தண்டுக் கசிவு, வால்வு திறந்திருக்கும்போது வரும், முள் சோதனையில் சிக்காமல் போகலாம். அதை ஸ்பேனரை வைத்து நீங்களே சரிசெய்யப் போகாமல், மூடி நிரப்பும் இடத்துக்கே திருப்பிக் கொடுங்கள்.

10. ஓட்டத்தை அமைப்பது

டிக் வெல்டிங்குக்கு நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் போதும். மிக்குக்கு 10 முதல் 15. நாசிலின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை லிட்டர் என்பது பட்டறைக் கணக்கு. 12 மில்லிமீட்டர் நாசிலுக்கு 12 லிட்டரில் தொடங்குங்கள். மீட்டர் மணிக்குக் கன அடி என்ற கணக்கில் இருந்தால் இரண்டால் வகுத்தால் லிட்டர் ஏறத்தாழ வந்துவிடும்.

விசையை அழுத்திக் கேஸ் ஓடும்போதுதான் அளவை வைக்க வேண்டும். நிற்கும்போது வைத்த எண் ஓடும்போது இறங்கும். மிக்கில் கம்பி வீணாகாமல் இருக்க, கம்பியைத் தள்ளும் உருளையின் பிடியைத் தளர்த்திவிட்டு விசையை அழுத்துங்கள்.

வெல்டில் பொத்தல் விழுந்தால் புதியவர்கள் உடனே கேஸைக் கூட்டுகிறார்கள். அளவுக்கு மீறிக் கூட்டினால் கேஸ் சுழன்று அடித்து, வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு வரும், பொத்தல் இன்னும் பெருகும். கூட்டுவதற்கு முன் ஃபேனை நிறுத்துங்கள், நாசிலில் ஒட்டிய தெறிப்பைச் சுரண்டுங்கள், டார்ச்சைக் கிட்டே கொண்டுபோங்கள், துருவையும் பெயின்டையும் தேயுங்கள். இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

புள்ளி புள்ளியாக டேக் அடிப்பவர்களுக்கு ஒரு தகவல். விசையை விட்டதும் ஹோஸுக்குள் அழுத்தம் ஏறி நிற்கும், அடுத்த முறை அழுத்தியவுடன் அந்தக் கேஸ் குப்பென்று வெளியேறி வீணாகும். நீண்ட வெல்டில் இது தெரியாது. டேக் மட்டுமே அடிக்கும் நாளில் சிலிண்டர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்வதற்கு இது முக்கியக் காரணம். ஹோஸை அவசியத்துக்கு மேல் நீளமாக வைக்காதீர்கள்.

11. எப்போது நிரப்பக் கொண்டுபோவது

ஆர்கானிலும் கலவையிலும் முள் பொய் சொல்லாது. 150 பார் நிறைவு என்றால் 75 பார் பாதி. ஆனால் வெப்பம் 10 டிகிரி மாறினால் நிறைந்த சிலிண்டரில் 5, 6 பார் மாறும். குளிர்ந்த காலையில் முள் சற்றுக் கீழே நின்றால் பதற வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடில் முள்ளைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. 20 டிகிரியில் உள்ளே ஒரு கிலோ திரவம் இருந்தாலும் ஐந்து கிலோ இருந்தாலும் முள் 57 பார் பக்கமே நிற்கும். திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். அப்போதுகூட 10 லிட்டர் சிலிண்டரில் 2 கிலோவை ஒட்டி வாயு மிச்சமிருக்கும், குளிரான இடத்தில் இன்னும் குறைவாக. ஆகவே முள் இறங்கத் தொடங்கியது, நிரப்பும் இடத்துக்குப் போன் செய்ய வேண்டிய நேரம் என்று அர்த்தம். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, எடைபோட்டு, தோளில் உள்ள காலி எடையைக் கழியுங்கள். அந்தக் காலி எடையில் வால்வு சேர்ந்ததா, மூடியும் சேர்ந்ததா என்பதை நிரப்புபவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச வேண்டாம். சில பார் மிச்சம் வைத்து வால்வை மூடிக் கொடுங்கள். அழுத்தமே இல்லாமல் வால்வு திறந்து கிடந்தால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போகும். அடுத்து நிரப்பிய கேஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த ஈரம் அலுமினிய வெல்டில் பொத்தலாக வந்து நிற்கும்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு வீட்டிலேயே மாற்றி நிரப்பும் குழாய்கள் விற்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடில் இது மிக ஆபத்தானது. அளவுக்கு மேல் திரவம் போய்விட்டால் விரிய இடமிருக்காது. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே இல்லை, வெயில் ஏற ஏற அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

12. நிறைந்ததை வாங்கும்போது, கடையிலேயே

லேபிளில் கேஸின் பெயரும் கலவை விகிதமும் நீங்கள் கேட்டதுதானா என்று படியுங்கள். மாற்றும் முறையில் வந்த சிலிண்டரின் டெஸ்ட் தேதியையும் பாருங்கள். கெடு நெருங்கியதைத் தந்திருந்தால் வேறொன்று கேட்கத் தயங்காதீர்கள். சிலிண்டரை மாற்றி எடுத்த பிறகு, அடுத்த முறை அந்தக் கெடு உங்கள் தலையில் விழலாம். கார்பன் டை ஆக்சைடு என்றால் அங்கேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஆர்கான் என்றால் உங்கள் ரெகுலேட்டரைக் கையோடு கொண்டுபோய் அழுத்தத்தைப் பாருங்கள். அப்போதுதான் நிரப்பிய சிலிண்டர் சூடாக இருந்தால் முள் சற்று அதிகமாகக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உதவாத தகட்டில் ஒரு வெல்டு போடுங்கள். டிக்கில் டங்ஸ்டன் முனை வெல்டுக்குப் பிறகும் பளிச்சென்று இருக்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் கசிவு இருக்கிறது, அல்லது வெல்டு முடிந்தபின் கேஸ் ஓடும் நேரம் போதவில்லை. இரண்டும் சரியாக இருந்து, டார்ச்சும் மெஷினும் மாறாமல், சிலிண்டர் மாற்றிய நாளிலிருந்து மட்டும் கருகினால் கேஸைச் சந்தேகியுங்கள். அலுமினியத்தில் கரிப்பொடி படிந்தால் கலவைச் சிலிண்டர் மாறி வந்திருக்கிறதா என்று லேபிளை இன்னொரு முறை பாருங்கள். திருப்பிக் கொடுப்பதென்றால் கேஸ் நிறைய மிச்சம் இருக்கும்போதே போங்கள். பாதி தீர்த்துவிட்டு "கேஸ் சரியில்லை" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

13. டெஸ்ட் கெடு வரும்போது

சொந்தச் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கடைசி டெஸ்ட் தேதியை எழுதி மெஷினில் ஒட்டி வையுங்கள். கெடு முடிந்தாலும் உள்ளே இருக்கிற கேஸைத் தீர்ப்பதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை, நிரப்பத்தான் மறுப்பார்கள். அதனால் கெடுவுக்குச் சற்று முன்பு நிறைத்து வைத்துக்கொண்டால், டெஸ்டுக்கு எங்கே அனுப்புவது, எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க நிதானமாக அவகாசம் கிடைக்கும். சிறிய சிலிண்டர் என்றால் டெஸ்ட் செலவையும் போய்வரும் செலவையும் கூட்டிப் பாருங்கள். சில சமயம் அது ஒரு மாற்றுச் சிலிண்டரின் விலையில் பாதிக்குமேல் வந்துவிடும். பழையதைத் தூக்கி எறியத் தீர்மானித்தால், கேஸை வெட்டவெளியில் மெதுவாகத் திறந்துவிட்டு, கேஸ் விற்பனையாளரிடமே ஒப்படையுங்கள். வால்வோடு பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம்.